விளம்பரத்திற்கு வேடம் எதற்கு?

தோட்டப்புறத்து லயங்களில் மாலை வெளிச்சம் மங்கும் வேளையில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வாசலில் அமர்ந்து நாளிதழை உரக்கப் படிப்பார். வேலை முடிந்து இளைப்பாறிய ஆண்களும் பெண்களும் சூழ அமர்ந்து கேட்பர். மலாயாத் தமிழரின் பொதுஅறிவு வளர்ந்த வகுப்பறைகளுள் அவ்வாசலும் ஒன்று. விளம்பரம் வந்தால் படிப்பவர் அதைத் தாண்டிச் செல்வார். அல்லது, "இது விளம்பரம்" என்று சொல்லிவிட்டுப் படிப்பார். கேட்பவரும் அதற்கேற்ற அளவிலேயே செவிகொடுப்பர். செய்தி எது, சரக்கு எது என்னும் வேறுபாடு எழுத்தறியாதவருக்கும் அன்று விளங்கியிருந்தது.

இன்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. உள்ளூர் மின்னிதழ்களின் செய்திகள் புலனக் குழுக்களின் வழியாகவும் முகநூலின் வழியாகவும் காலையில் கண்விழித்ததும் எதிரே வந்து நிற்கின்றன. கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளி நிலம், விலைவாசி, சாலை விபத்து என அவை அணிவகுக்கின்றன. இவற்றின் நடுவே அதே எழுத்தில், அதே அளவுத் தலைப்பில், அதே செய்தி நடையில் வேறொன்றும் வருகிறது. ஒரு வீடமைப்பு நிறுவனத்தின் பெருமை. ஒரு மூலிகைச் சாற்றின் மகிமை. ஒரு தனியார் கல்லூரியின் சாதனை. ஒரு முதலீட்டுத் திட்டத்தின் வெற்றிக் கதை. இதற்கு விலை பேசப்பட்டது என்பதை இதழாசிரியர் அறிவார். பணம் கொடுத்தவரும் அறிவார். படிப்பவர் மட்டுமே அறியார்.

ஆதரவுக் கட்டுரை என்றும், வணிகப் பங்காளர் பக்கம் என்றும் இதற்கு நாகரிகமான பெயர்கள் சூட்டப்பட்டுள்ளன. பெயர் எதுவாயினும் பொருள் ஒன்றே. செய்தியின் ஆடையை வாடகைக்கு வாங்கி அணிந்துகொண்ட விளம்பரம் இது. விளம்பரம் செய்தல் குற்றமன்று; அதன் துணையோடுதான் பெரும்பாலான இதழ்கள் வளர்ந்தன. குற்றம் அந்த வேடத்திலேதான் இருக்கிறது.

நம்பிக்கை எவருடைய சொத்து?

வாசகரின் நம்பிக்கை எத்துணை ஆற்றல் வாய்ந்தது என்பதற்கு இம்மண்ணின் வரலாறே சான்று பகரும். 1935இல் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் கோரிக்கையை 1950களில் தம் இதழின் வழியே முன்னெடுத்தார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் பெயரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி என்று அவர் கேட்டபோது, அன்றாடக் கூலியில் வயிறு வளர்த்த எளிய மக்களும் மடியை அவிழ்த்தனர். அந்த ஒரு வெள்ளியைக் கொடுத்தவர் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கொடுக்கவில்லை. தம் இதழ் சொன்னது. ஆகவே அது மெய்யாக இருக்கும் என்று நம்பிக் கொடுத்தார். பல்லாண்டுகள் உண்மையை எழுதியதனால் விளைந்த பயிர் அது.

அத்தகைய நம்பிக்கை இதழ் உரிமையாளரின் சொந்தப் பொருளன்று. வாசகர் ஒப்படைத்த அடைக்கலப் பொருள் அது. அடைக்கலமாக வந்த நகையை உடையவர் அறியாமல் அடகுக்கடையில் வைத்துப் பணம் பெறுபவனை உலகம் எப்பெயரிட்டு அழைக்குமோ, அப்பெயரே வேடமிட்ட விளம்பரத்தை வெளியிடும் ஆசிரியருக்கும் பொருந்தும். ஏனெனில், பணம் கொடுப்பவர் வாங்குவது இதழின் இடத்தை மட்டுமன்று. இடம் மட்டுமே வேண்டுமாயின் கட்டம் கட்டிய விளம்பரமே போதும். அதன் விலையும் குறைவு. அவர் கூடுதல் விலை கொடுத்து வாங்குவது, 'இதை நம் இதழ் சொல்கிறது' என்று வாசகர் கொள்ளும் எண்ணத்தையே.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாக உணர்தல் வேண்டும். தீபாவளி மலர்களைப் புரட்டுவோர், அரசியல் தலைவர்களும் வணிகர்களும் புகைப்படத்தோடு வெளியிடும் முழுப்பக்க வாழ்த்துகளைக் காண்பர். எழுத்தாளர் சங்கங்கள் வெளியிடும் தொகுப்பு நூல்களின் இறுதிப் பக்கங்களிலும் புரவலர்களின் விளம்பரங்கள் இடம்பெறுவதுண்டு. அவற்றால் எவரும் ஏமாந்ததில்லை. பணம் கொடுத்தவர் தம் பெயரோடும் முகத்தோடும் அங்கே வெளிப்படையாக நிற்கிறார். வாசகர் அவரை வாழ்த்தலாம். பக்கத்தைத் திருப்பிவிட்டும் போகலாம். புரவலர் முகத்தை மறைத்துக்கொண்டு செய்தியாளரின் குரலில் பேசத் தொடங்கும்போதுதான் தீங்கு தொடங்குகிறது.

உடலுக்கும் பொருளுக்கும் வரும் கேடு

இதனால் யாருக்கு என்ன கேடு என்று வினவுவோர் உளர். புதிதாகத் திறந்த சேலைக்கடையைப் பற்றி நான்கு வரி புகழ்ந்து எழுதினால் வானம் இடிந்துவிடாது என்பது அவர்தம் வாதம். சேலையோடு நின்றிருந்தால் அவ்வாதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். இவ்வழக்கம் மருந்துக்கும் முதலீட்டுக்கும் கதவு திறந்துவிடுகிறது என்பதே அஞ்சத்தக்கது.

மலேசிய சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, இந்நாட்டுப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளானவர். இந்தியரிடையே அவ்வளவு 30 விழுக்காட்டையும் தாண்டியிருந்தது. இந்நிலையில், மூலிகைச் சாறு ஒன்று நீரிழிவை வேரோடு களையும் என்னும் கட்டுரை ஒரு தமிழ் மின்னிதழில் செய்தித் தோற்றத்துடன் வெளிவருமாயின் என்ன நேரும்? அதை ஆவலோடு படிப்பவர், நாள்தோறும் மாத்திரை விழுங்கி அலுத்துப்போன ஒரு மூதாட்டியாக இருப்பார். கடைக்காரன் சொன்னால் அவர் நம்பமாட்டார். கட்டம் கட்டிய விளம்பரமாயின் ஐயத்தோடு நோக்குவார். தம் இதழே சொல்வதனால் நம்புகிறார்; மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாற்றை வாங்குகிறார். ஆறாத கால் புண்ணோடு அவர் மருத்துவமனைக்குச் செல்லும் நாளில், கட்டுரைக்குப் பணம் பெற்றவர் அங்கே துணைக்கு நிற்கப் போவதில்லை.

இக்கேட்டை இந்நாட்டுச் சட்டம் என்றோ எண்ணிப் பார்த்துள்ளது. மருந்துகளின் விளம்பரம், விற்பனை ஆகியவை பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் 20 நோய்களும் உடற்குறைகளும் குறிக்கப்பட்டுள்ளன. நீரிழிவு, புற்றுநோய், உயர் இரத்த அழுத்தம், இருதய நோய், சிறுநீரக நோய் ஆகியவை அவற்றுள் அடங்கும். இவற்றைத் தடுக்கும் என்றோ குணப்படுத்தும் என்றோ ஒரு பொருளைப் பொதுமக்களிடையே விளம்பரப்படுத்துவதில் எவரும் பங்குகொள்ளலாகாது என்கிறது அச்சட்டம். விளம்பரம் கொடுப்பவரை மட்டுமன்றி, வெளியிடுபவரையும் தொடும் சொற்கள் அவை. பிற மருந்து விளம்பரங்களுக்கும் மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். கேகேஎல்ஐயு என்னும் எழுத்துகளுடன் கூடிய ஒப்புதல் எண் அவற்றில் இடம்பெறும். விளம்பரம் என்று சொல்லிக்கொண்டு வந்தால் இவ்வளவு காவலையும் கடந்தாக வேண்டும். கட்டுரை என்று சொல்லிக்கொண்டு வந்தால் காவலர் கண்ணில் படாமல் உள்ளே நுழைந்துவிடலாம். வேடத்தின் பயன் எதுவென்று இப்போது விளங்குகிறதல்லவா?

பொருளைப் பற்றிய கதையும் இத்தகையதே. சிறுகச் சிறுகச் சேமித்த பணம் நம்பிக்கை ஒன்றையே பிணையாகக் கொண்டு கைமாறுவதை மலேசிய இந்தியர் அறிவர். 1980களில் மைக்கா ஹோல்டிங்ஸ் நிறுவனத்தின் பங்குகளை ஏறத்தாழ 66,000 பேர் வாங்கினர். திரண்ட தொகை 10 கோடி வெள்ளிக்கும் மேற்பட்டது. எதிர்பார்த்த பயன் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2012இல் தங்க முதலீட்டு நிறுவனமொன்றில் அதிகாரிகள் சோதனை நடத்தியபோது ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு முடங்கியது. இவற்றுக்கு மின்னிதழ்கள் காரணமல்ல. எனினும், எளியவரின் பணம் எவ்வளவு விரைவில் ஒரு சொல்லை நம்பிப் புறப்பட்டுவிடும் என்பதை இவை காட்டுகின்றன. அச்சொல்லை விலைக்கு விற்பவர் எத்துணைப் பொறுப்போடு இருத்தல் வேண்டும்!

வெளிப்பட்ட வேடங்கள்

கூலிக்கு எழுதிய எழுத்து என்றேனும் ஒருநாள் வெளிப்பட்டே தீரும். அன்று பணம் கொடுத்தவரைவிட, இடம் கொடுத்த இதழே மிகுதியாக இழுக்குறும். இதற்கு மலேசியாவோடு தொடர்புடைய சான்றுகளே உள்ளன.

இலண்டனில் இயங்கிய எஃப்பிசி மீடியா என்னும் நிறுவனம், மலேசிய அரசுக்காக மக்கள் தொடர்புப் பணி செய்து பணம் பெற்றது. அதே நிறுவனம் மலேசியாவைப் பற்றிய நிகழ்ச்சிகளைத் தயாரித்து பிபிசி உலகச் செய்தி ஒளிவழிக்கும் வழங்கியது. 2011இல் இத்தொடர்பு அம்பலமாயிற்று. 2012 பிப்ரவரியில் பிபிசி தன் பார்வையாளரிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. அத்துணைப் பழமையும் பெருமையும் வாய்ந்த நிறுவனமே தலைகுனிய நேர்ந்தது.

2013இல் மற்றொன்று வெளிவந்தது. அமெரிக்க அரசியல் விமர்சகர் ஒருவர், 2008 முதல் 2011 வரை மலேசியத் தரப்பிடமிருந்து ஏறத்தாழ 3,90,000 அமெரிக்க டாலர் பெற்றதை அந்நாட்டு நீதித்துறைக்குத் தெரிவித்தார். அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அன்வார் இப்ராஹிமைத் தாக்கும் கட்டுரைகள் அப்பணத்தின் விளைச்சல். இணைய இதழ்களும் நாளிதழ்களும் அவற்றைத் தனிமனிதரின் சொந்தக் கருத்து என வெளியிட்டிருந்தன. கட்டுரைகளின் கீழே எழுதியவர் பெயர் இருந்தது. எழுதுவித்தவர் பெயர் இல்லை.

சிங்கப்பூரிலும் 2015இல் இவ்வகை நிகழ்ச்சி ஒன்று நடந்தது. சிங்டெல் நிறுவனத்தின் விளம்பரப் பணியை ஏற்றிருந்த ஒரு முகவாண்மை, பணம் பெற்று எழுதும் வலைப்பதிவர்களைப் போட்டி நிறுவனங்களின் சேவையைக் குறைகூறி எழுதும்படி தூண்டியது அம்பலமாயிற்று. சிங்டெல் மன்னிப்புக் கேட்டது; அம்முகவாண்மையோடு கொண்ட தொடர்பையும் முறித்துக்கொண்டது. மறு ஆண்டிலேயே சிங்கப்பூர் விளம்பரத் தர ஆணையம், பணம் பெற்ற எழுத்து எதுவாயினும் அது தெளிவாகத் தெரியும்படி குறிக்கப்படல் வேண்டும் என வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

சாக்குகளும் விடைகளும்

"மின்னிதழ் நடத்தப் பணம் வேண்டாமா?" என்பது முதற் சாக்கு. இக்கேள்வியில் உள்ள வேதனையை மறுப்பதற்கில்லை. 1924இல் தோன்றிய தமிழ் நேசன், 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன் நெடும்பயணத்தை முடித்துக்கொண்டது. முன்பு நாளிதழ்களுக்கு வந்த விளம்பரப் பணத்தில் பெரும்பங்கு இன்று கூகுள், முகநூல் போன்ற உலக நிறுவனங்களுக்குச் செல்கிறது. இரண்டு மூன்று இளைஞர்கள் கைப்பணத்தைப் போட்டு நடத்தும் தமிழ் மின்னிதழுக்கு, ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி தரும் ஒரு கட்டுரை பசித்தவனுக்குக் கிடைத்த சோறு போன்றதே. ஆயினும், விதைநெல்லைக் குத்திச் சமைத்தவன் அடுத்த பருவத்தில் என்ன விதைப்பான்? வாசகரின் நம்பிக்கை கரைந்தபின், அந்த இதழில் இடம் வாங்க எந்த வணிகர் வருவார்?

நம்பிக்கை பணமாகவும் திரும்பி வரும் என்பதற்கு இந்நாட்டிலேயே சான்று உண்டு. 1999இல் தொடங்கிய மலேசியாகினி, 2002 முதல் வாசகரிடம் சந்தா பெற்று நடைபெற்று வருகிறது. 2021 பிப்ரவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு 5 இலட்சம் வெள்ளி தண்டம் விதித்தபோது, ஒரே நாளில், சில மணி நேரத்திற்குள், பொதுமக்கள் அத்தொகையைத் திரட்டிக் கொடுத்தனர். அன்று ஆளுக்கு ஒரு வெள்ளி கொடுத்த கைகளுக்கும் இக்கைகளுக்கும் நடுவே ஏறத்தாழ எழுபது ஆண்டு இடைவெளி இருக்கலாம். இரண்டையும் நீட்டச் செய்தது ஒரே நம்பிக்கைதான்.

"நாங்கள் குறிப்பிட்டுத்தானே வெளியிடுகிறோம்" என்பது இரண்டாவது சாக்கு. எங்கே குறிப்பிடுகிறார்கள்? கட்டுரையின் கடைசி வரியில், மங்கிய சாம்பல் நிறத்தில், தமிழ்க் கட்டுரையின் அடியில் ஆங்கிலச் சொல்லாக. புலனத்தில் அக்கட்டுரை பகிரப்படும்போது தலைப்பும் படமும் மட்டுமே பயணம் செய்கின்றன. கடைசி வரி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. 2016இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடுநிலைப் பள்ளி மாணவரிடையே ஓர் ஆய்வு நடத்தினர். பணம் பெற்று வெளியிடப்பட்டது என்னும் குறிப்போடு கூடிய விளம்பரக் கட்டுரையையே அவர்கள் காட்டினர். 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மாணவர் அதை உண்மைச் செய்தி என்றே கருதினர். குறிப்பு இருந்தும் இந்நிலை என்றால், குறிப்பை ஒளித்துவைத்தால் என்னவாகும்? ஆண்டு தோறும் தமிழ்ப்பள்ளிகளிலிருந்து வெளிவரும் பிள்ளைகளும் கைப்பேசியில்தான் உலகத்தைப் படிக்கப் போகின்றனர். எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்பித்த சமுதாயம், அவ்வெழுத்தை நம்பலாமா என்று கேட்கவும் கற்பித்தாக வேண்டும்.

"பெரிய இதழ்களே செய்கின்றன, சிறியவர் செய்தால் மட்டும் தவறா?" என்பது மூன்றாவது சாக்கு. பெரியவர் இடறி விழுந்த பள்ளம் எங்கிருக்கிறது என்று முன்னரே காட்டியாயிற்று. பிபிசிக்கு எழுந்து நிற்க வலிமை இருந்தது. சிறிய தமிழ் இதழ் ஒருமுறை விழுந்தால் எழுவது அரிது. மேலும், ஆங்கிலம் படிப்பவருக்கு ஓர் இதழ் பொய்த்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பத்து இதழ்கள் உண்டு. தமிழ் மட்டுமே படிக்கும் முதியவருக்கு அவ்வசதி இல்லை. வாசகர் எளியவராக இருக்குமளவுக்கு ஆசிரியரின் கடமை கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை.

செய்ய வேண்டுவன

நோயைச் சொன்னபின் மருந்தையும் சொல்லுதல் முறை. விலை பெற்று வெளியிடும் எழுத்தின் தலைப்பிலேயே, தலைப்புக்குரிய எழுத்தளவில், 'விளம்பரம்' என்னும் தமிழ்ச்சொல் முதற்சொல்லாக நிற்றல் வேண்டும். அப்போதுதான் புலனத்தில் பகிரும்போதும் அது உடன் செல்லும். பணம் கொடுத்தவரின் பெயர் அதன் கீழே வரவேண்டும். செய்தி எழுதும் கை, விளம்பரத்தை எழுதலாகாது. காலையில் ஒரு நிறுவனத்தைப் புகழ்ந்து கூலி பெற்றவர், மாலையில் அதே நிறுவனத்தின் குறையை எங்ஙனம் எழுதுவார்? மருந்து எனின் ஒப்புதல் எண்ணைக் கேட்க வேண்டும். முதலீடு எனின் பேங்க் நெகாராவும் பங்குப் பத்திர ஆணையமும் வெளியிடும் எச்சரிக்கைப் பட்டியல்களைப் பார்த்தபின்னரே ஏற்க வேண்டும். அப்பட்டியல்களைப் பார்ப்பதற்குக் காசு செலவில்லை. கால் மணி நேரம் போதும்.

1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின்கீழ் அச்சிதழ்கள் உரிமம் பெற வேண்டியிருக்க, இணைய இதழ்கள் அவ்வுரிமத் தளையின்றிப் பிறந்தன. அந்தச் சுதந்திரத்தைக் கட்டிக் காப்பது அவற்றின் கையிலேயே இருக்கிறது. 2025இல் மலேசிய ஊடக மன்றச் சட்டம் நடப்புக்கு வந்து, ஊடகத்தார் தமக்குத் தாமே ஒழுங்கு வகுத்துக்கொள்ள வழி பிறந்துள்ளது. தமிழ் மின்னிதழ்கள் அவ்வரிசையில் முன்னே சென்று நிற்றல் வேண்டும். எவரேனும் பிடித்து இழுத்துச் செல்லும்வரை காத்திருத்தல் அழகன்று.

வாசகருக்கும் இதில் பங்குண்டு. ஒரு தேநீருக்கும் இரண்டு ரொட்டி சானாய்க்கும் கொடுக்கும் விலையைத் திங்கள்தோறும் ஒரு நல்ல மின்னிதழுக்குக் கொடுக்க மனம் வராதவர், அவ்விதழ் விலைபோய்விட்டது என்று குறைகூறும் உரிமையில் பாதியை இழக்கிறார். எழுத்தாளருக்கும் பங்குண்டு. பிறர் தந்த குறிப்பை வைத்துக்கொண்டு தம் கருத்துப் போல் எழுதித் தரும்படி கேட்கப்படும்போது, "என் பெயரின் மேல் 'விளம்பரம்' என்று போடுவீரா?" என்னும் ஒரு கேள்வியைக் கேட்டால் போதும். போட மறுப்பவருக்கு எழுதித் தருவதை அவரும் மறுத்துவிடலாம்.

லயத்து வாசலில் அன்று நாளிதழ் படித்த மனிதர் இதழியல் பயின்றவரல்லர். அவருக்குச் சட்டமும் தெரியாது. நெறிமுறைக் கையேடும் கிடையாது. தம்மைச் சுற்றி அமர்ந்தவர்கள் தம் குரலை நம்பியே கேட்கிறார்கள் என்பது மட்டும் தெரியும். ஆகவேதான், விளம்பரம் வந்த இடத்தில் நிறுத்தி, "இது விளம்பரம்" என்று சொல்லிவிட்டுப் படித்தார். இற்றை நாள் மின்னிதழ் ஆசிரியர்களிடம் தமிழ்ச் சமுதாயம் வேண்டுவதும் அந்த இரண்டு சொற்களையே.